கணினியைப் புதுப்பிக்குமுன் கணக்குப் பாருங்கள்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை. திருப்பலி முடிந்து, திருவுடைகளைக் களைந்துவிட்டுப் பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, திண்ணையில் ஒரு தம்பதியர் எனக்காகக் காத்திருந்தனர். கணவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவியின் மடியில் ஒரு துணிப்பை. காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவரிடம் தூக்கி வந்த தாயைப்போல் அந்தப் பையை இரு கைகளாலும் அணைத்திருந்தார். உள்ளே இருந்தது ஒரு மடிக்கணினி.

"சாமி, இதற்கு ஆயுள் முடிந்துவிட்டதாம்" என்று தொடங்கினார் பெரியவர். "விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு நின்றுவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரத் தம்பி. நாற்பத்தைந்தாயிரம் ஆகுமாம். ஆனால் இது இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது? மகள் இதை வைத்துத்தான் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்திற்குக் கணக்கு எழுதுகிறாள்."

அம்மையார் தாழ்ந்த குரலில், "சீட்டு எடுத்த பணம் நாற்பதாயிரம் இருக்கிறது, சாமி. சின்னவனுக்குப் பாலிடெக்னிக் கட்டணம் கட்ட வைத்தது. இதற்குக் கொடுத்தால் அதற்கு இல்லை" என்றார்.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் நம் வடசென்னைப் பங்குகளில் இக்கேள்வி எழாத தெரு இன்று குறைவு. பள்ளிப் பாடம், வங்கிக் கணக்கு, ஓய்வூதியச் சான்று, எரிவாயுப் பதிவு, வெளிநாட்டுக் கப்பலில் பணிபுரியும் மகனின் முகம் என அனைத்தும் இந்தச் சிறு பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டன. ஆகவே அதை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்பது கடைக்காரர் ஒருவரே தீர்த்துவைக்கத்தக்க கேள்வியன்று. குடும்பம் கூடி அமர்ந்து ஆராய வேண்டிய கேள்வி.

"அடுத்த ஞாயிறு மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், ஐயா, சேர்ந்து கணக்குப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினேன். 'ஓடும் வரை ஓடட்டும்' என்று அன்றே சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்ல என் மனச்சான்று இடந்தரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் தவறு

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கின் அலுவலகத்தில் விண்டோஸ் 7 இயங்கும் கணினி ஒன்று இருந்தது. அந்த இயங்குதளத்திற்கான பாதுகாப்பு 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நின்றது. பங்கு இளைஞர் ஒருவர் இருமுறை எனக்கு அதை நினைவூட்டினார். "திருவிழா முடியட்டும், தம்பி" என்றேன். திருவிழா முடிந்தது, தவக்காலம் வந்தது, பின் பெருந்தொற்றும் ஊரடங்கும் வந்தன. கணினி என்னவோ நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

2021ஆம் ஆண்டில் ஒரு காலை அதைத் திறந்தபோது, கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுவிட்டன என்றும், பணம் செலுத்தினால் மட்டுமே திறக்கும் என்றும் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு திரையில் நின்றது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகிய பதிவேடுகளைத் திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் விதிப்படி தாள் ஏட்டில் எழுதி வைத்திருந்தோம், அவை தப்பின. பங்கிலுள்ள குடும்பங்களின் விவர அட்டைகள், மறைக்கல்வி மாணவர் பட்டியல், சந்தாக் கணக்கு, கல்லறைத் தோட்டத்தின் இட விவரம் ஆகியவை போயின. வேறொரு பிரதி எடுத்து வைக்கவில்லை.

மறைக்கல்வி ஆசிரியர்களும் இளைஞர்களும் ஏழு மாதங்கள் வீடு வீடாகச் சென்று அந்த விவரங்களை மறுபடியும் திரட்டினர். ஒரு வீட்டிற்கு நானும் சென்றிருந்தேன். கடலுக்குச் சென்ற மகனை இழந்த தாய் ஒருவர், "அவன் பெயரையும் போன வருடமே எழுதிக்கொடுத்தேனே, சாமி. மறுபடியும் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். 'இறந்தவர்' என்னும் கட்டத்தில் மகனின் பெயரை எழுத அந்தத் தாயை இரண்டாம் முறை சொல்ல வைத்தது என் சோம்பலே. கணினியைப் பற்றி எனக்கு அக்கறை பிறந்தது அன்றுதான்.

இயங்குதளம் என்பது யாது?

துறைமுகத்தை அறிந்த நம் மக்களுக்கு இதை விளக்குவது எளிது. கப்பல் வருகிறது. எந்த மேடையில் அதைக் கட்டுவது, எந்தக் கிரேனை அதற்கு ஒதுக்குவது, எந்த லாரியை எப்போது வாயிலுக்குள் விடுவது என்பதையெல்லாம் கப்பலே முடிவு செய்வதில்லை. துறைமுக நிர்வாகம் முடிவு செய்கிறது. கணினியிலும் அவ்வாறே. நாம் பயன்படுத்தும் செயலிகள் கப்பல்கள். நினைவகம், தட்டு, திரை முதலிய உறுப்புகள் மேடைகளும் கிரேன்களும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று ஒழுங்குபடுத்தும் நிர்வாகமே இயங்குதளம். விண்டோஸ் அத்தகைய ஒன்று, லினக்ஸ் மற்றொன்று.

துறைமுகத்திற்குச் சுற்றுச்சுவர் உண்டு. சுவரில் ஓட்டை விழுவதும் உண்டு. ஓட்டை கண்டுபிடிக்கப்படுந்தோறும் ஆளனுப்பி அடைப்பதே, நாம் 'அப்டேட்' என்று சொல்லும் மாதாந்திரத் திருத்தங்களின் தலையாய வேலை. 2015 ஜூலை 29ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு இந்தப் பணியை மைக்ரோசாப்ட் நிறுவனம் பத்தாண்டுகள் செய்தது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவில் அதை நிறுத்திவிட்டது.

இதனால் கணினி நின்றுவிடாது. மறுநாளும் திறக்கும், எழுதும், அச்சிடும். இதுவே பலரை ஏமாற்றுகிறது. சுவர் நிற்கிறது, ஓட்டையை அடைப்பவர் மட்டும் இல்லை. மேலும், புதிய விண்டோஸுக்கு வெளியிடப்படும் திருத்தங்களைக் கூர்ந்து பார்க்கும் திருடர், அதே ஓட்டை பழையதிலும் இருக்கும் என்று ஊகித்துக்கொள்வர். நாள் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

உலகம் கண்ட பாடம்

2017 மே 12ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் பிணைப்பண நச்சுநிரல் உலகில் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் திறக்க முதலில் 300 டாலர் கேட்டது அந்நிரல். இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கும் என்று அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. இதில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு: அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, 2017 மார்ச் 14 அன்று, வெளியாகியிருந்தது. பெற்றுக்கொண்டவர் தப்பினர், தள்ளிப்போட்டவர் அகப்பட்டனர்.

அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, 'நாட்பெட்யா' என்னும் மற்றொரு நிரல் கிளம்பிற்று. அதே ஓட்டையோடு வேறு தந்திரங்களையும் அது கையாண்டது. உக்ரைன் நாட்டில் தொடங்கி, மெர்ஸ்க் என்னும் மாபெரும் கப்பல் நிறுவனத்தை அது முடக்கியது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு கண்டெய்னர் முனையமும் அன்று செயலிழந்தது. பெட்டிகளை ஏற்றவோ இறக்கவோ வழியின்றிப் போனால் என்னாகும் என்பதைத் துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 45,000 கணினிகளையும் 4,000 வழங்கிகளையும் அந்நிறுவனம் மறுபடி நிறுவ நேர்ந்தது.

அந்தப் பேரழிவிலும் ஒரு வியப்பு நிகழ்ந்தது. நிறுவனத்தின் கணினி வலையமைப்பு முழுவதற்கும் வரைபடம் போன்ற ஒரு முதன்மைத் தரவு உலகெங்கும் அழிந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒரே ஒரு பிரதி மட்டும் எஞ்சியது. தாக்குதல் நடந்த வேளையில் அங்கே மின்தடை. அதனால் அக்கணினி வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது! அதைக் கொண்டே மற்றவற்றை மீட்டனர். மின்தடையைச் சபித்துப் பழகிய நமக்கு, மின்தடை காப்பாற்றிய கதை இது ஒன்றே எனலாம். இணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு பிரதி எத்துணை விலைமதிப்புடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முதற்பணி: பிரதி எடுத்தல்

ஆதலால் இயங்குதளத்தை மாற்றுவதென முடிவு செய்தாலும், மாற்ற வேண்டாமென முடிவு செய்தாலும், முதற்பணி ஒன்றே. குடும்பப் புகைப்படங்கள், திருமணக் காட்சிகள், சான்றிதழ்கள், கணக்குகள் ஆகியவற்றை ஒரு வெளித்தட்டிலோ பென்டிரைவிலோ பிரதி எடுங்கள். எடுத்தபின் அதைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். செருகியபடியே இருக்கும் பிரதியையும் நச்சுநிரல் பூட்டிவிடும்.

இயன்றால் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைப்பது நன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. கணினியும் பிரதியும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

தமிழில் எழுதி வைத்திருப்போர்க்கு மற்றுமோர் எச்சரிக்கை. ஒருங்குறி பரவலாவதற்கு முன் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் பலரிடம் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. எனவே எழுத்துருக்களையும் கோப்புகளோடு பிரதி எடுங்கள்; வாய்ப்புள்ளபோது பழையவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். மறைந்த தந்தை எழுதிவைத்த குடும்ப வரலாறு, பேரப்பிள்ளைகள் காலத்தில் வாசிக்க இயலாமல் போகலாகாது.

அமர்ந்து கணக்கிடுதல்

கோபுரம் கட்ட விரும்பும் ஒருவன் முதலில் அமர்ந்து, முடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா என்று கணக்கிடுவான் அல்லவா என ஆண்டவர் இயேசு கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவ்வாறு அமர்ந்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது: இக்கணினியில் யாருடைய நலன் அடங்கியிருக்கிறது? இணையத்தோடு இணைக்காமல், பாட்டுக் கேட்கவும் எழுதவும் மட்டும் பயன்படும் கணினியாயின், அது எவ்வளவு பழையதாயினும் அப்படியே இருக்கட்டும். ஐயமான பென்டிரைவ் எதையும் அதில் செருகாதிருந்தால் போதும். வங்கிப் பணமும், பிள்ளைகளின் படிப்பும், பிறருடைய கணக்கும் அதில் இருக்குமாயின் செய்தி வேறு. நம் பொருளைப் பற்றி நாம் துணிந்து விளையாடலாம். பிறர் நம்மை நம்பி ஒப்படைத்ததைப் பற்றி விளையாட நமக்கு உரிமையில்லை.

இரண்டாவது: இயந்திரம் புதியதைத் தாங்குமா? 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும். அவற்றோடு 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்பு உறுப்பும், ஏற்கப்பட்ட பட்டியலிலுள்ள செயலகமும் வேண்டும். இன்டெல் செயலகமாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். கணினியின் அமைப்புகள் பக்கத்தில் செயலகத்தின் பெயர் இருக்கும். ஐ3, ஐ5 என்பதன்பின் வரும் எண் 8-இல் தொடங்கும் நான்கு இலக்க எண்ணாயின் அது எட்டாம் தலைமுறை; 6-இல் தொடங்கினால் ஆறாம் தலைமுறை. மைக்ரோசாப்ட் இலவசமாக அளிக்கும் 'பிசி ஹெல்த் செக்' என்னும் செயலியும் இதைச் சோதித்துச் சொல்லும்.

சில கணினிகளில் டிபிஎம் இருந்தும், தொடக்க அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினாலே தகுதி வந்துவிடும். எனவே 'ஏறாது' என்று ஒருவர் சொன்ன உடனே நம்பிவிடாமல், ஏன் ஏறாது என்று கேளுங்கள்.

மூன்றாவது: செலவு என்ன, அச்செலவால் வீட்டில் எது நின்றுபோகும்? நாற்பதாயிரம் என்பது வெறும் எண்ணன்று. அந்தத் தம்பதியர்க்கு அது இளைய மகனின் படிப்பு.

நம்முன் உள்ள வழிகள்

இயந்திரம் தகுதியுடையதாயின் ஐயமே வேண்டாம். முறையான உரிமமுள்ள விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறுவது இலவசம். பிரதி எடுத்துவிட்டு, அமைப்புகள் பக்கத்தின் அப்டேட் பகுதி வழியாக மாறிவிடுங்கள். பட்டன்கள் சற்று இடம் மாறியிருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். இடம் பழகவில்லை என்பதற்காகப் பாதுகாப்பைக் கைவிடுவது அறிவுடைமையன்று.

தகுதியில்லையாயின், அவகாசம் பெறுவது ஒரு வழி. விண்டோஸ் 10-இன் 22எச்2 என்னும் இறுதிப் பதிப்பை வைத்திருக்கும் வீட்டுப் பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தரும் திட்டத்தை மைக்ரோசாப்ட் அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கின் வழியாக நம் அமைப்புகளை அவர்களிடம் சேமிக்க இசைந்தால் இலவசமாகவும், இல்லையேல் 30 டாலர் கட்டணத்திலும் பதிவு செய்ய வழிவகுக்கப்பட்டது. இது மன்னிப்பன்று, தவணை. பழைய இதழ்களைக் கட்டி வைத்துப் புரட்டும் நம் வாசகர்கள், அந்த நாள் கடந்தபின் இதைப் படிக்க நேர்ந்தால், இவ்வழியை நம்பியிராமல் நிலைமையை விசாரித்துக்கொள்க.

இயங்குதளத்தையே மாற்றுவது மற்றொரு வழி. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உலகெங்குமுள்ள வல்லுநர் கைகளில் வளர்ந்து, யாவரும் விலையின்றிப் பெறத்தக்க பொதுச்சொத்தாக விளங்குகிறது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்பன அதன் எளிய வடிவங்கள். இது நமக்கு முற்றும் புதியதுமன்று. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு 'பாஸ்' என்னும் லினக்ஸும் அவற்றில் இருந்தது. மைய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. நம் பிள்ளைகள் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை!

எழுதுதல், இணையம், வங்கிப்பணி, பாடம் கேட்டல் ஆகியவற்றுக்கு லினக்ஸ் போதும். விண்டோஸுக்கென்றே செய்யப்பட்ட கணக்குச் செயலிகள் சிலவும், பழைய அச்சுப்பொறிகள் சிலவும் அதில் இயங்காமல் போகலாம். எனவே நிறுவுமுன் பென்டிரைவிலிருந்து இயக்கிச் சோதித்துப் பாருங்கள்; தட்டில் எதையும் அழிக்காமலே அவ்வாறு சோதிக்க முடியும்.

கடைசி வழி, வேறு கணினி வாங்குதல். கைமாறிய கணினியை ரிச்சி தெருவில் வாங்குவோர், 'விண்டோஸ் 11 போட்டது' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். தகுதிச் சோதனையைச் சூழ்ச்சியால் தாண்டிப் பழைய இயந்திரத்தில் ஏற்ற முடியும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. புதிய திராட்சை இரசத்தையும் பழைய தோற்பையையும் பற்றி ஆண்டவர் கூறிய உவமை இங்கே நினைவுக்கு வருகிறது. செயலகத்தின் தலைமுறையைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

களவும் கழிவும்

இரண்டு செய்திகளைப் பங்குத் தந்தை என்ற முறையில் சொல்லாமலிருக்க இயலாது.

ஒன்று: உரிமமில்லாத விண்டோஸைச் சில நூறு ரூபாய்க்கு நிறுவித் தருவோர் பலர் உண்டு. 'எல்லோரும் செய்கிறார்கள்' என்பது ஏழாம் கட்டளைக்கு விலக்காகாது. ஏழைக்கு வேறு வழியில்லை என்ற வாதமும் நிற்காது; விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இருக்கிறதே! மேலும், பூட்டை உடைக்கப் பயன்படும் அந்தச் சிறு நிரல்களிலேயே நச்சு ஒளிந்திருப்பது வழக்கம். திருடனிடம் சாவி செய்யக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்க முடியுமா?

மற்றொன்று: தூக்கி எறிவது பற்றியது. விண்டோஸ் 10 முடிவுறுவதால் உலகில் சுமார் 24 கோடிக் கணினிகள் குப்பையாகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. நகரத்துக் குப்பை எங்கே வந்து சேரும் என்பதைக் கொடுங்கையூர் மேட்டின் புகையைச் சுவாசித்த வடசென்னை மக்கள் அறிவர். கணினியின் உறுப்புகளில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் உண்டு. கம்பியை எரித்துச் செம்பு எடுப்போர் முதலில் நஞ்சூட்டுவது தம் பிள்ளைகளையே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், பயன்படுத்தி எறியும் பண்பாட்டைக் கடிந்துரைத்தார். எனவே பழுதற்ற கணினியை வேறொரு பணிக்கு வையுங்கள். இயலாதாயின், தட்டிலுள்ள தகவல்களை முற்றாக அழித்துவிட்டு, அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிலையத்திடம் ஒப்படையுங்கள்.

அந்தக் குடும்பம் செய்த முடிவு

மறு ஞாயிறு அவர்கள் மகளோடு வந்தனர். கணினி 2017இல் வாங்கியது. செயலகம் ஆறாம் தலைமுறை. கடைக்காரத் தம்பி பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 11 முறைப்படி அதில் ஏறாது. ஆனால் தூக்கிப் போடத்தான் வேண்டும் என்பது சரியன்று. நாங்கள் நால்வரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம்.

மகள் பயன்படுத்தும் கணக்குச் செயலிக்கு விண்டோஸ் கட்டாயம் தேவை. "பிறருடைய கணக்கு என்னிடம் இருக்கிறது, ஃபாதர். அவர்கள் விவரம் வெளியே போனால் என் வேலை மட்டுமல்ல, என் பெயரும் போய்விடும்" என்றாள் அப்பெண். நான் ஏழு மாதங்கள் பட்டுக் கற்ற பாடத்தை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

முதலில் பிரதி எடுக்கப்பட்டது. மறைந்த பாட்டியின் படங்கள் இரண்டு பென்டிரைவ்களில் ஏறின. ஒன்று அத்தை வீட்டுக்குப் போயிற்று. பின் ஓராண்டு நீட்டிப்புக்கு அங்கேயே பதிவு செய்தோம். ஒரு ரூபாயும் செலவாகவில்லை. நாற்பதாயிரம் இளையவனின் கட்டணத்திற்கே சென்றது. மகள் தன் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, தவணை நாள் வருமுன் தகுதியான கணினி வாங்குவதென உறுதி கொண்டாள். அதன்பின் பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி இளையவன் படிப்புக்குக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று.

"அப்படியானால் எப்படியும் ஒன்று வாங்கத்தான் வேண்டும்" என்று பெரியவர் பெருமூச்செறிந்தார்.

"ஆம், ஐயா. ஆனால் மகனின் படிப்பை விற்று வாங்க வேண்டியதில்லை" என்றேன்.

அம்மையார் துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இம்முறை கணினியைத் தூக்கிச் சென்றவள் மகள்.

நிறைவாக ஒரு சொல். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுதிஸ், கணினியில் தேர்ந்த இளைஞர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட அதைப் பயன்படுத்தினார். பதினைந்து வயதில், 2006 அக்டோபர் 12 அன்று இறைவனடி சேர்ந்தார். கருவி புதியதா பழையதா என்பதைவிட, அது யாருக்குப் பணி செய்தது என்பதே அவர் வாழ்வில் நின்றது. நம் வீட்டுக் கணினியையும் அக்கண்ணோடு நோக்குவோம். அதில் நம்மை நம்பியிருப்போர் யாரென்று முதலில் எண்ணுவோம். அவர்களைக் காக்க வேண்டியதைச் செய்வோம். அதற்குமேல் ஆசைக்காகவும் அச்சத்திற்காகவும் ஒரு காசும் செலவழியாதிருப்போம்.

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், ஒரு பென்டிரைவைத் தேடி எடுங்கள். 'திருவிழா முடியட்டும்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.